மடி காயும் மாதங்கள்

ஊரில் அவளுக்குக் கறாரம்மா என்று பெயர். கன்று வியாபாரி ஒருவன் காலையில் பேரம் பேச வந்து, மதியம் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு திரும்பிப் போனான். அன்றைக்கு அவன் வாயிலிருந்து வந்த பெயர் அது. அவன் திட்டாகத்தான் சொன்னான், அவள் பட்டமாக எடுத்துக்கொண்டாள்.

பண்ணை அவள் வீட்டுக்காரருக்கும் கொழுந்தனுக்கும் பொது. புல் சரிவுகளுக்கு நடுவே ஒரு வீடு, ஒரு கறவைக் கொட்டகை, முப்பது சொச்சம் மாடுகள். அத்தனை மாடும் ஒரே பருவத்தில் கன்று போடும். புல் முளைக்கும்போது கன்று விழ வேண்டும், புல் தழைக்கும்போது பால் பெருக வேண்டும், புல் தீரும்போது பால் வற்ற வேண்டும். மேய்ச்சல் தரை சும்மா தருவதை மாடு தின்கிறது, மாடு தருவதை இவர்கள் விற்கிறார்கள். மூட்டைத் தீவனம் வாங்கும் வேலையே இல்லை. குளிர் மாதங்கள் இரண்டிலும் எல்லா மாடும் நிறைசினையாக நின்று, அறுத்து வைத்த காய்ந்த புல்லை அசைபோடும். கறவை கிடையாது, பால் காசும் கிடையாது. அந்த இரண்டு மாதத்துக்காக, பருவத்தில் வரும் ஒவ்வொரு பட்டுவாடாவிலும் ஒரு பங்கை அவள் தனியே ஒதுக்கிவிடுவாள். அதைத் தொட்டால் கை வெந்துபோகும் என்று வீட்டுக்காரரிடமே சொல்லி வைத்திருந்தாள். அவரும் தொட்டதில்லை. தொட்டுப் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை என்பதுதான் உண்மை.

உள்ளதைச் சொல்வதென்றால், வருஷத்தில் அவள் ஆசையோடு காத்திருந்த நாள் கறவை நிறுத்தும் நாள் ஒன்றுதான். அன்றைக்குக் கடைசியாக ஒரு தடவை கறந்து, காம்புக்கு மருந்து வைத்து, ஒவ்வொரு மாட்டின் முதுகிலும் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு இழுத்து வெளியே அனுப்புவார்கள். கோடு விழுந்த மாடு இனிக் கன்று போட்ட பிறகுதான் கொட்டகைக்குள் கால் வைக்கும். அப்புறம் கறவை மெஷினின் ரப்பர்களைக் கழற்றிக் கழுவி, கேன்களைக் கவிழ்த்து வைத்து, கொட்டகையைப் பூட்டிச் சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டுவாள். மறுநாளிலிருந்து படுக்கையில் வெயில் விழும்வரை தூங்குவாள். விரல் வெடிப்புகள் மெல்ல மூடும். இரண்டாவது மாதக் கடைசியில், துணியைத் தடவினால் நூல் பிடித்து இழுக்காத அளவுக்குக் கை மிருதுவாகிவிடும். அதைத் தானே தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்படுவாள்.

அந்த வருஷம் கோடு போட்டுக்கொண்டே வந்தவள் பாதியில் நிமிர்ந்தாள். கொழுந்தன் எட்டு மாடுகளை மட்டும் ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

"அதுங்களை ஏன் தம்பி தள்ளி விடற? கோடு போட வேணாமா?"

"அதுங்க இருக்கட்டும் அண்ணி. அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் அருகில் போய் ஒரு மாட்டின் விலாவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். இந்த நேரத்தில் உள்ளே இருக்கும் கன்று உதைக்க வேண்டும். ஒன்றும் உதைக்கவில்லை. அடுத்த மாட்டிலும் இல்லை. அவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"கால்ல புண்ணுன்னு காளைகிட்ட விடாம தனியா கட்டினியே, அந்த எட்டா இது?"

அவன் வாளியைக் குனிந்து பார்த்தான். "விட்டேன் அண்ணி. கொஞ்சம் லேட்டா விட்டேன்."

"கால்ல புண்ணு?"

"புண்ணெல்லாம் ஒண்ணும் இல்ல."

பூனைக்குட்டி வெளியே வந்தது. பால் கம்பெனியின் கொள்முதல் ஆபீசர் அவனிடம் தனியாகப் பேசியிருந்தார். அந்த ஆபீசருக்குப் பண்ணைக்காரர்கள் வைத்த பெயர் சிரிப்பு. விலையைக் குறைத்தாலும் சிரிப்பார், பால் புளித்தது என்று கேனைத் திருப்பி அனுப்பினாலும் சிரிப்பார். குளிர் மாதப் பாலுக்கு ஒன்றரை மடங்கு விலை, இந்த வருஷம் எட்டு மாட்டை வைத்துப் பார்ப்போம், அடுத்த வருஷத்திலிருந்து பாதி மந்தை முன்னால், பாதி பின்னால் கன்று போட்டால் வருஷம் முழுக்கப் பால், மாதா மாதம் காசு என்று ஆசை காட்டியிருந்தார். இளஞ்சினை மாட்டைத் தீவனம் போட்டுத் தொடர்ந்து கறக்கலாம் என்பதால், கொழுந்தன் இந்த எட்டையும் யாருக்கும் தெரியாமல் பருவம் தப்ப வைத்திருந்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா நீங்க விட்டிருப்பீங்களா?" அவன் குரல் உயர்ந்தது. "எனக்குப் பொண்ணு பாக்கப் போனீங்களே, அவங்க என்ன கேட்டாங்க? வருஷத்துல ரெண்டு மாசம் வரும்படி இல்லாத தொழிலான்னு கேட்டாங்களா இல்லையா? வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையற மாதிரி, மாட்டை வெச்சுக்கிட்டு நாம ஏன் அண்ணி சும்மா உக்காந்திருக்கணும்?"

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே நன்றாகக் கழுவிய ரப்பர் ஒன்றை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது என்று புரிந்தபோதுதான் அவளுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அவள் கத்தவில்லை. மிச்ச மாடுகளுக்கு நிதானமாகக் கோடு போட்டு முடித்தாள். பிறகு சாவியைக் கொழுந்தன் கையில் வைத்தாள்.

"சரி தம்பி. உன் எட்டு மாடு, உன் தீவனம், உன் கறவை, உன் காசு. என் பங்கு இன்னையோட வத்திப்போச்சு. புல்லு முளைச்சு முதல் கன்னு விழற வரைக்கும் நான் இந்தக் கொட்டகைக்குள்ள கால் வைக்க மாட்டேன்."

"அண்ணி, கோவப்படாதீங்க."

"கோவம் இல்லப்பா. கோடு போட்டாச்சு." சுண்ணாம்புக் கட்டியை எடுத்துத் தன் சேலையின் தோள் பக்கம் ஒரு கோடு இழுத்துக்கொண்டாள். வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாது என்று உடனே தெரிந்துகொண்டார்.

குளிர் மாதம் தொடங்கியது. முன்பெல்லாம் பால் லாரி வருவது வளைவுக்கு அந்தப் பக்கமே தெரிந்துவிடும். காலிக் கேன்கள் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று ஊரையே கூட்டும். காலியாக வந்து நிறைந்து போகிற லாரி அது. இப்போது சத்தமே இல்லாமல், முக்கிக்கொண்டு மேடேறியது. கேன்களுக்கு நடுவே தீவன மூட்டைகள் இறுக அடுக்கியிருந்தன. ஒவ்வொரு மூட்டையிலும் பால் கம்பெனியின் அதே முத்திரை. கறாரம்மா துணி உலர்த்திக்கொண்டே அதைப் பார்த்தாள். இரண்டு கேன் பாலை ஏற்றிக்கொண்டு, ஒரு அடுக்கு மூட்டையை இறக்கிவிட்டுப் போனது லாரி. ஓகோ, வியாபாரம் இரண்டு பக்கமும் ஓடுகிறதா என்று நினைத்துக்கொண்டாள். ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டாள். கேட்காத இடத்தில் புத்தி சொன்னால் அதற்கு மூட்டைத் தீவனத்தின் விலை கூடக் கிடையாது.

முதல் வாரம் கொழுந்தன் விசிலடித்துக்கொண்டே கறந்தான். இரண்டாவது வாரம் விசில் நின்றது. எட்டு மாட்டுக்கும் அதே மெஷினைத்தான் ஓட்ட வேண்டும், அதே கொட்டகையைத்தான் கழுவ வேண்டும், முப்பது மாட்டுக்குக் காய்ச்சும் அளவு வெந்நீரைத்தான் காய்ச்ச வேண்டும். குழாயில் தண்ணீர் உறைந்து நின்றால் அதையும் உருக்க வேண்டும். விடியுமுன் வீட்டுக்காரர் கழிப்பறைக்குப் போவதுபோல எழுந்து போய், சாணி நாற்றத்தோடு திரும்பி வந்து படுப்பார். ஒரு நாள் போர்வைக்குள்ளிருந்தே கேட்டாள்.

"கழிப்பறையில மாடு கட்டியிருக்கா?"

"இல்ல, சும்மா… அவன் ஒத்தையா கெடந்து அல்லாடறான். பாவமா இருக்கு."

"எனக்குக் கல்யாணமான நாள்லேர்ந்து நான் ஒத்தையா அல்லாடினப்ப இந்தப் பாவம் எங்க போய்ப் படுத்திருந்துச்சு?"

அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நெடுநேரம் தூங்கவில்லை. அவள்தான் வீம்புக்கு நன்றாகத் தூங்கினாள்.

முதல் பட்டுவாடா வந்தது. கொழுந்தன் காசை அடுப்படி மேஜைமேல் விசிறி வைத்தான். ஒன்றரை மடங்கு விலை என்று சொன்னது பொய்யில்லை; அது அப்படியே எழுதியிருந்தது. அதற்குக் கீழேயே தீவனத்துக்குப் பிடித்தம் என்று இன்னொரு வரியும் இருந்தது. மேஜையில் இருந்தது மிச்சம் மட்டும். அதிலிருந்து மருந்துக்கடைக்கும் எரிபொருளுக்கும் எடுத்து வைத்தபோது விசிறி மடங்கிவிட்டது.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்," என்று அவள் வெங்காயத்திடம் சொன்னாள். வெங்காயம் அரிந்துகொண்டிருந்ததால் அதைத்தான் பார்த்துச் சொல்ல முடிந்தது.

"மொத மாசம் அப்படித்தான் இருக்கும் அண்ணி. போகப் போகப் பாருங்க."

"பாக்கறேன். எனக்கு வேற என்ன வேலை? நான்தான் வத்திப்போய்க் கெடக்கறேனே."

போகப் போகத்தான் அந்த விஷயம் நடந்தது. எட்டு மாடுகளில் செவலை ஒன்றுக்கு மடி வீங்கியது. களைத்துப்போன கை, சரியாக உலராத ரப்பர், ஈரமான தரை. காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஒரு முற்பகலில் அந்தச் செவலையின் கதறல் சமையலறைக்கு வந்தது. கறாரம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். சபதம் சபதம்தான். ஆனால் அந்தச் செவலை கன்றாக இருந்தபோது அவள் விரலைச் சப்பித்தான் பால் குடிக்கப் பழகியது. அது போட்ட சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அடுப்பின் முன்னால் நிற்க அவளால் முடியவில்லை.

கொட்டகைக்குள் கால் வைக்க மாட்டேன் என்றுதானே சொன்னாள்? மாட்டை வெளியே பிடித்து வரச் சொன்னாள். வெயிலில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கட்டிய பாலை மெல்ல மெல்லப் பீய்ச்சி எடுத்தாள். கொழுந்தன் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் விரல்களைப் பார்த்தாள். ஒவ்வொரு மூட்டிலும் வெடித்து, ஓரங்கள் கறுத்திருந்தன. அது அவளுடைய கை. எந்த விரல் எந்த நேரத்தில் எரியும் என்று அவளுக்குத் தெரியும்.

"கணக்கு சரியாத்தான் போட்டேன் அண்ணி," என்றான் அவன். "பால் விலை, தீவன விலை, லாரிக் கூலி எல்லாம் போட்டேன். என் தூக்கத்தைச் சேக்க மறந்துட்டேன்."

"உன் அண்ணனும் மறந்தாரு. உங்க அப்பாவும் மறந்தாரு. இத்தனை வருஷமா என் தூக்கத்தை யாருமே சேக்கல. வீட்டாளுங்க செய்யற வேலைக்குக் காசு இல்ல, அதனால செலவும் இல்லன்னு ஒரு நெனப்பு. அந்த நெனப்புல கணக்கு போட்டா எல்லா யாவாரமும் லாபம்தான் தம்பி. அந்தச் சிரிப்பு இருக்காரே, அவரு மூட்டைக்குக் காசு பிடிக்கறாரு, கேனுக்கு வாடகை பிடிக்கறாரு. உன் கைக்கு ஏதாவது குடுத்தாரா?"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான், துடைத்த விரல் எரிந்திருக்க வேண்டும், முகம் சுளித்தது. அவளுக்கு அவன்மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே தீர்ந்தது. கம்பெனிமேல் இருந்தது தீரவில்லை.

செவலை பிழைத்தது, ஒரு காம்பு போயிற்று. இரண்டாவது பட்டுவாடாவை யாரும் விசிறி வைக்கவில்லை. அவள் ஒதுக்கி வைத்த பங்கிலிருந்துதான் அந்தக் குளிர்காலமும் அடுப்பு எரிந்தது, கொழுந்தனுடைய தட்டும் நிறைந்தது. அதைச் சொல்லிக்காட்ட அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. இரண்டு தடவை சொல்லிக்காட்டவும் செய்தாள். கறாரம்மா என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

சரிவுகளில் பச்சை தலை நீட்டியபோது சிரிப்பு நேரிலேயே வந்தார். அடுப்படி மேஜையில் ஒப்பந்தத்தை விரித்தார். வருஷம் முழுக்கப் பால், குறைந்தபட்ச அளவு, தீவனம் கம்பெனியிடம் மட்டும்.

"ரெண்டு தம்பிகளும் இங்க ஒரு கையெழுத்து போட்டாப் போதும். பருவத்துப் பாலை மட்டும் குடுக்கற பண்ணைக்கு இனிமே லாரி வராது. மேலிடத்து உத்தரவு. நான் என்ன பண்றது?" என்று சிரித்தார்.

"என்கிட்ட யாரும் எதுவும் கேக்கலையே சார்," என்றாள் கறாரம்மா.

"அம்மா கையெழுத்து வேணாம்மா. பண்ணை உங்க பேர்ல இல்லையே. நல்ல டீ ஒண்ணு குடுங்க, போதும்." அதற்கும் சிரித்தார்.

இத்தனை வருஷத்தில் அவள் கறந்த பாலை ஒன்றாக ஊற்றினால் அந்த ஆள் அவருடைய ஜீப்போடு மிதப்பார். மேஜையில் கையை ஊன்றி எழுந்தாள். இரண்டு மாத ஓய்வில் வெடிப்பு ஆறியிருந்த கை.

"என் கையெழுத்து வேணாம், சரி. இந்தக் காகிதத்துல இவ்வளவு பால்னு எழுதியிருக்கீங்களே, அதைக் கறக்க என் கை வேணுமா வேணாமா? இந்தக் கை வருஷத்துல ரெண்டு மாசம் வேலை செய்யாது. அதையும் காகிதத்துல எழுதிக்கோங்க."

வீட்டுக்காரர் பேனாவை மூடியோடு உருட்டிக்கொண்டிருந்தார். மனுஷனுக்கு யாரையும் பகைக்க வராது. அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி தன் விரல்களைப் பார்த்தான். பிறகு காகிதத்தை ஒரு விரலால் மெல்லத் தள்ளினான். அது சிரிப்பின் பக்கம் போய் நின்றது.

"அண்ணி கறக்கலேன்னா நான்தான் சார் கறக்கணும். நான் கறந்து பாத்துட்டேன்."

வீட்டுக்காரர் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். கல்யாணமானதிலிருந்து அவர் செய்த காரியங்களிலேயே அதுதான் அவளுக்கு ரொம்பப் பிடித்தது.

"அப்ப லாரி வராது," என்றார் சிரிப்பு. "இன்னும் கொஞ்ச நாள்ல மத்த மாடெல்லாம் கன்னு போடும். பாலை எங்க ஊத்துவீங்க? வாய்க்கால்லயா? பாலு காத்திருக்காதும்மா."

அவர் போன பிறகும் மூவரும் மேஜையைச் சுற்றியே உட்கார்ந்திருந்தார்கள். அவர் சொன்னது பொய்யில்லை. பாலுக்குப் பொறுமை கிடையாது. வந்தால் கறக்க வேண்டும், கறந்தால் அன்றே போக வேண்டும். அதைத் தெரிந்துகொண்டுதான் கம்பெனி காலகாலமாகப் பண்ணைக்காரன் கழுத்தில் கால் வைத்திருந்தது. அவளுக்குப் பயம் வந்தது. நன்றாகவே வந்தது. ஒதுக்கி வைத்த பங்கில் அடிமட்டம்தான் மிச்சம். தன் வீம்பால் மூன்று பேர் பிழைப்பிலும் மண் விழுந்துவிடுமோ என்று நினைத்தாள்.

முதல் கன்று ஒரு மதியத்தில் விழுந்தது. காளைக்கன்று. தாய் நக்கிவிட, அது நாலு காலையும் நாலு திசையில் ஊன்றி எழுந்து, தட்டுத்தடுமாறி மடியைக் கண்டுபிடித்து முட்டியது. கறாரம்மா வேலிமேல் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். வழக்கமாக மூன்றாம் நாள் கன்றைப் பிரித்துவிடுவார்கள். கிடாரிக் கன்றுக்கு வாளியில் அளந்து பால். காளைக்கன்று முதல் வாரத்திலேயே வியாபாரி கைக்குப் போகும், அவன் கொடுப்பது கயிற்று விலைதான். கன்று குடிக்கிற பால் கம்பெனிக்குப் போகிற பால் ஆயிற்றே, அதனால் அப்படி.

அவள் திரும்பி வந்து கொழுந்தனிடம் சொன்னாள்.

"பாலை எங்க ஊத்துவீங்கன்னு கேட்டாரே, எடம் கெடைச்சுப்போச்சு. கன்னு எதையும் பிரிக்க வேணாம். ஒரு கன்னையும் விக்க வேணாம். பால் அதிகமா இருக்கற மாட்டுல ரெண்டு கன்னா விடு."

"எத்தனை நாளைக்கு அண்ணி?"

"குடிக்கற வரைக்கும் குடிக்கட்டும். பாலு காத்திருக்காது, கன்னு காத்திருக்கும். நாள் ஆக ஆக எடை ஏறும். எடை ஏறின கன்னுக்குக் கயித்து விலையா குடுப்பான்?"

அப்படித்தான் செய்தார்கள். சொல்வதற்குச் சுலபம். எல்லா மாடும் வேறு மாட்டின் கன்றை ஏற்றுக்கொள்ளாது, உதைக்கும், முட்டும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்பார்கள். இவர்கள் மூவரும் ஆடியும் பாடியும் கெஞ்சியும், ஒரு கன்றின் முதுகில் இன்னொரு கன்றின் வாசனையைத் தேய்த்தும் ஏமாற்றினார்கள். காலையில் மட்டும் ஒரு கறவை, மடி கட்டாமல் இருக்க. அந்தப் பாலை வாசல் கேட்டில் வைத்து ஊர்க்காரர்களுக்கு ஊற்றினார்கள். கடையை விட விலை குறைவு, கம்பெனி கொடுப்பதை விட விலை அதிகம். பாத்திரத்தோடு வந்தவர்கள் முதலில் தயங்கி நின்றார்கள், பிறகு வரிசையில் நின்றார்கள்.

பழைய கன்று வியாபாரி மோப்பம் பிடித்து வந்தான். வேலிக்குள் இருந்த கன்றுகளின் பின்பக்கத்தைப் பார்த்து எச்சில் விழுங்கினான்.

"கறாரம்மா, காளைக்கன்னு எப்ப குடுப்பீங்க?"

"அதுக்கு இன்னும் பசி தீரலைப்பா. தீந்ததும் சொல்லி அனுப்பறேன்."

"போன வருஷ விலைக்கு மேல போட்டுத் தரேன்."

"போன வருஷக் கன்னு இல்லியே இது. போயிட்டு வா."

அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். கறாரம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது, கன்றுக்குப் பால் வார்த்தே குடும்பத்தைக் கவிழ்க்கிறாள் என்று பேசினார்கள். ஒப்பந்தம் அவர்கள் வீட்டு மேஜைகளிலும் கையெழுத்தாகாமல் கிடந்தது. சிரித்தவர்களில் இரண்டு பேர் ஒரு சாயங்காலம் வந்து, ஒரு மாட்டில் இரண்டு கன்றை எப்படி விடுவது என்று மெல்லக் கேட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் இன்னும் சிலர் வந்தார்கள். அவள் எல்லோருக்கும் டீ கொடுத்தாள். சிரிப்புக்குக் கொடுக்காத நல்ல டீ.

பால் லாரி டிரைவர் ஒரு நாள் மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, தண்ணீர் கேட்கிற சாக்கில் உள்ளே வந்தார்.

"கம்பெனில பால்பவுடர் மெஷின் பாதி நாள் சும்மா கெடக்குதும்மா. பருவத்துப் பாலை நம்பித்தான் வருஷம் பூராவுக்கும் பவுடர் அடிச்சு வெப்பாங்க. இந்தப் பால்தானே சல்லிசு? இந்தப் பக்கத்து ரோடே காலியா கெடக்கவும் சிரிப்பு சிரிக்கறதே இல்ல. ஆளே அடையாளம் தெரியல." தண்ணீரைக் குடித்துவிட்டு, தான் எதுவும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குக் கொழுந்தன் கன்றுகளை எண்ணெய் தடவிய மாதிரிப் பளபளவென்று தேய்த்துவிட்டுக்கொண்டே சொன்னான்: "பொண்ணு வீட்ல மறுபடி கேட்டா என்ன சொல்றது அண்ணி?"

"என்ன சொல்லுவ?"

"ரெண்டு மாசம் என்ன, நாலு மாசம் காசில்லாம இருந்தாலும் கையெழுத்து போடாத குடும்பம்னு சொல்லிடறேன்."

"அதைக் கேட்டுட்டும் வரேன்னு சொல்ற பொண்ணா இருந்தா, நானே போய் அழைச்சிட்டு வரேன்."

சிரிப்பு மறுபடி வந்தபோது ஜீப்பை விட்டு இறங்கி, மேய்ச்சலைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றார். முழங்காலளவு புல்லில் மாடுகள், ஒவ்வொரு மடியிலும் கன்றுகளின் வாலாட்டம். கையில் காகிதம் இல்லை.

"எத்தனை நாளைக்கும்மா இப்படியே ஓட்டப் போறீங்க?"

"நீங்க சொல்லுங்க சார். வருஷா வருஷம் ரெண்டு மாசம் பால் காசைக் கண்ணால பாக்காம இருந்து பழகினவங்க நாங்க. அதையேதான் இப்பவும் பண்ணிட்டிருக்கோம், கன்னு வேற கொழுத்துட்டிருக்கு. உங்க மெஷினுக்கு அந்தப் பழக்கம் இருக்கா?"

சிரிப்பு ஜீப்பின் கதவில் கையை வைத்தார். "நாளைக்கு லாரி அனுப்பறேன். பழையபடியே. பருவத்துக்கு மட்டும்."

"பழைய விலைக்கா? கேட்டுல ஊர்க்காரங்க என்ன குடுக்கறாங்கன்னு உங்க டிரைவருக்குத் தெரியும், கேளுங்க. எங்க ரோட்டுல எல்லாரும் அந்த விலையைத்தான் சொல்லுவாங்க."

"அவ்வளவு முடியாதும்மா. நடுவுல ஒரு விலை…"

"நடுவுல பேசலாம். பேசறதுக்கு நான் இருக்கணும், என் பேரும் அதுல இருக்கணும். இன்னொண்ணு. லாரி காலியா வரணும். ஒரு மூட்டை இருந்தாலும் கேட்டைத் திறக்க மாட்டேன்."

வீட்டுக்காரர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார். சிரிப்பு அதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

மறுநாள் காலை கொட்டகையில் வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. சாவி அவள் இடுப்பில் இருந்தது. கொழுந்தன் ரப்பர்களை மாட்டிக்கொண்டிருந்தவன் சட்டென்று கையை நிறுத்தினான். வளைவுக்கு அந்தப் பக்கம், காலிக் கேன்கள் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று ஊரையே கூட்டிக்கொண்டு வந்தன.

"அண்ணி, லாரி வந்துடுச்சு! இன்னும் ஒரு மாடுகூடக் கறக்கலையே!"

இன்னும் கன்று போடாத செவலை, மிச்சமிருந்த மூன்று காம்பில் வேறு மாடுகளின் இரண்டு கன்றுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. கறாரம்மா அதன் முதுகில் கையை ஊன்றியபடி நின்றாள்.

"வந்தா நிக்கட்டும்," என்றாள். "கன்னு குடிச்சிட்டிருக்கு."